மொறிஸ் மைனரை வீட்டிலேயே திருத்துவது: முதல் ஸ்பானரை எங்கே வைப்பது?

#1 கோப்பாய்க்கொட்டில்

வணக்கம். பெரியப்பாவின் மொறிஸ் மைனர் 1000 எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டு வண்டி, ஸ்ரீ எழுத்துப் பதிவுத் தகடு, நான்கு கதவு, 948 சிசி. கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்களில் திரும்பும் திசை காட்டும் கைகாட்டிகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன, ஆனால் வெளியே வர மறுக்கின்றன. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். பிறகு கிடுகுக் கொட்டிலுக்குள் போனது. கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டால் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்கிறார்கள்.

வெளித்தோற்றம் மோசமில்லை. இருக்கைகளை எலி தின்றுவிட்டது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டுநர் பக்கம் ஒரு இடத்தில் கொட்டிலின் மண் தெரிகிறது. நான் தொழில் மெக்கானிக் அல்லன். மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் கழற்றிப் பூட்டிய பழக்கம் உண்டு. ஜாக்கி ஒன்றும் ஒரு பெட்டி ஸ்பானரும் இருக்கின்றன.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மச்சான் முதலில் பெயின்ற் அடித்துவிட்டால் நல்லூர்த் திருவிழாவுக்கு ஓட்டலாம் என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணா எல்லாவற்றையும் கழற்றி வெறுங்கூடாக்கி மணல் வீசித் துடைக்க வேண்டும் என்கிறார். சந்தியிலுள்ள கராஜ்காரர் ஜப்பானிய இயந்திரம் ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எனக்கோ முன்னால் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கக் கை துடிக்கிறது. இன்னும் தொடவில்லை. எங்கே தொடங்குவது?

#2 பழையநட்டு (சுன்னாகம்)

தம்பி, தொடாமல் கேட்டீர்களே, அதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

மச்சானின் யோசனையை முதலில் தள்ளுங்கள். பெயின்ற் என்பது கடைசி வேலை. அதை முதலில் செய்தவர்கள் பின்னர் ஒட்டு வேலைக்காக அதே பெயின்ற்றை எரிப்பதை என் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தையும் இப்போது மறந்துவிடுங்கள். மைனரின் இயந்திரம் சாவதில்லை. ஏ வரிசை என்று பெயர் பெற்ற அதே குடும்பந்தான் ஒஸ்ரின் ஏ35இலும் பிறகு மினியிலும் ஓடியது. உலகம் முழுவதும் உதிரிப்பாகம் கிடைக்கும். மைனர் சாவது அடிவயிற்றில்.

இந்தக் காருக்கு லொறியைப் போல தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் சில், நடுவில் இருக்கையின் கீழ் குறுக்காகப் போகும் சட்டம், முன்னால் இயந்திரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள், இவை எல்லாம் சேர்ந்துதான் கார். ஒன்று உக்கினால் மற்றவை சுமக்கும், பிறகு அவையும் உக்கும். கதவு திறந்து மூடும்போது பின்விளிம்பு தூணில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் நடு தொய்ந்துவிட்டது.

ஒரு பழைய திருப்புளியையும் ரோர்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜாக்கி வைக்கும் இடம், சில்லின் உட்பக்கம், பின் வில்லுத் தகடு வந்து பூட்டும் இரண்டு இடங்கள், முன் கால்களின் அடிப்பக்கம். குத்திப் பாருங்கள், தட்டிப் பார்ப்பது போதாது. கருந்தார் பூசிய தகடு தட்டினால் நல்ல ஓசைதான் தரும், குத்தினால் அப்பளம் போல நொறுங்கும்.

குறுக்குச் சட்டத்தில் ஏன் இவ்வளவு அழுத்தம் வைக்கிறேன் என்றால், முன் சக்கரத்தின் முறுக்குக் கம்பி அங்கேதான் வந்து பூட்டியிருக்கிறது. மைனரில் முன்னால் சுருள் வில் இல்லை. நீண்ட கம்பி முறுகித்தான் காரின் முன்பாரத்தைத் தாங்குகிறது. அது பிடித்திருக்கும் இடம் உக்கினால் காரின் மூக்கு ஒரு பக்கம் இறங்கும்.

இன்னொன்று. ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். சீமெந்துக் கல்லையும் நம்பாதீர்கள், அது எச்சரிக்காமல் பிளக்கும். இரும்பு முக்காலி வாங்குங்கள், அல்லது பனங்குற்றி.

#3 பனிக்காலப்பட்டறை (ரொறன்ரோ)

பழையநட்டு அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஓர் இடத்தில் மட்டும் முரண்படுகிறேன்.

வீட்டில் தொடங்கும் திருத்த வேலைகளில் அதிகமானவை பாதியில் நிற்பதற்குக் காரணம் துருவல்ல, சலிப்பு. ஓர் ஆண்டு கீழே படுத்துத் தகடு வெட்டியவனுக்கு ஒரு தடவையாவது இயந்திரத்தின் சத்தம் கேட்டால்தான் அடுத்த ஆண்டும் படுக்க மனம் வரும். இங்கே விற்பனைக்கு வரும் பழைய கார்களில் "எல்லாப் பாகங்களும் பெட்டிகளில் உள்ளன" என்ற வரியைப் பார்த்தாலே நான் கடந்து போய்விடுவேன். எல்லாம் இருப்பதில்லை. எது எங்கே போகும் என்று தெரிந்தவரும் இருப்பதில்லை.

ஆகவே முழுதாகக் கழற்றுவதற்கு நான் முழு எதிரி. ஒரு பகுதியை எடுங்கள், முடியுங்கள், பூட்டுங்கள், அடுத்ததற்குப் போங்கள். கார் எப்போதும் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும், தள்ளினால் உருள வேண்டும். மழைக்கு நகர்த்த வேண்டி வரும், வீட்டில் கல்யாணம் வந்தால் முற்றத்தைக் காலி செய்ய வேண்டி வரும்.

ஸ்பானரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியது என்றால் மில்லிமீற்றர் அளவாக இருக்கும். மைனருக்கு அங்குல அளவு வேண்டும். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அரை அங்குல நட்டில் ஏறும் போலத் தோன்றும், பழைய நட்டில் மூலையை உருட்டிவிடும். அரை அங்குலம், பதினாறில் ஒன்பது, பதினாறில் ஏழு, இந்த மூன்றும் நல்ல தரத்தில் இருந்தால் வேலையின் முக்கால்வாசி நடக்கும்.

#4 ஒன்பதுமணிலேத் (கோயம்புத்தூர்)

ஊர் விட்டு ஊர் வந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். என்னிடம் இருப்பது அம்பாசடர் மார்க் 2. அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் பிள்ளை, ஆகவே உங்கள் காருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. மைனரே இங்கே சில காலம் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது. இப்போது கண்ணில் படுவது அரிது.

ஒரு நடைமுறை யோசனை. கழற்றும் முன் படம் எடுங்கள். எல்லோரும் இதைச் சொல்வார்கள், ஆனால் பாகத்தை மட்டும் நெருங்கி எடுத்துவிட்டு அது எங்கே இருந்தது என்று தெரியாமல் விழிப்பவர்கள்தான் அதிகம். முதலில் இரண்டடி தள்ளி ஒன்று, பிறகு கிட்டே ஒன்று. போல்ட்டைக் கழற்றியதும் அதே துளையில் திரும்பச் செருகி நட்டை விரலால் முடுக்கி வைத்துவிட்டால் டப்பாவும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

அடுத்தது குரோம். பம்பரும் கிரில்லும் துருப் பிடித்திருக்கிறது என்று உடனே முலாம் பூசக் கொடுத்துவிடாதீர்கள். தேய்க்கிற சக்கரத்தில் பள்ளத்தோடு சேர்த்து விளிம்பும் போய்விடும். மைனரின் பம்பருக்கு ஒரு கதை உண்டு. 1948இல் லண்டன் கண்காட்சிக்கு முன்பு, வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுங்கலாகத் தெரிந்ததால் மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் விலக்கினாராம். அதற்குள் பம்பர்கள் செய்து முடித்திருந்தார்கள். தொடக்ககால வண்டிகளில் பம்பரை நடுவில் வெட்டி ஒட்டுத் துண்டு வைத்தார்கள். பானட்டின் நடுவில் மேடாக ஓடும் பட்டையும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். உங்கள் 1958 வண்டியிலும் அந்தப் பட்டை இருக்கும், தடவிப் பாருங்கள்.

பிரேக்கை மட்டும் பழையபடி விடாதீர்கள் என்பது என் கருத்து. முன்னால் டிஸ்க் மாற்றிவிடுங்கள். பற்றரிக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர். இன்றைய சாலையில் 1958இன் பிரேக்கோடு போவது வீரமல்ல.

#5 பழையநட்டு (சுன்னாகம்)

கோவைத் தம்பிக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. மைனர் ஏறத்தாழ 750 கிலோ. 948 சிசி. மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் போக யாழ்ப்பாணத்தில் தெரு எங்கே இருக்கிறது? நாலு ட்ரம்மும் ஒழுங்காக இருந்தால் அந்தக் கார் நிற்கும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர் இருக்கிறது, இரண்டு பிறேக் சப்பாத்தும் சுழற்சியின் திசையோடு சேர்ந்து இறுகிக் கடிக்கும். பிறேக் பிடிக்கவில்லை என்று வருகிற மைனரில் நான் திறந்து பார்த்தவரை ஒரு சிலிண்டராவது இறுகிப்போய்த்தான் இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டிஸ்க் போடுவது நோயைக் கேட்காமல் மருந்து கொடுப்பது.

கனேடியத் தம்பியின் சலிப்பு பற்றிய பேச்சு நியாயம், ஒத்துக்கொள்கிறேன். இயந்திரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாம், இறுகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்வது வரவுசெலவுக்கு உதவும். ஆனால் ஓடவிட வேண்டாம். ஓடுகிற இயந்திரமும் நிற்காத பிறேக்கும் ஒரே முற்றத்தில் இருந்தால், மச்சான் போன்ற ஒருவர் ஏறி உட்கார்ந்து கியரைப் போடுவார்.

#6 கோப்பாய்க்கொட்டில்

எல்லோருக்கும் நன்றி. கீழே படுத்துவிட்டேன். பனங்குற்றிதான்.

முன் கால்கள் இரண்டும் நல்லவை. இயந்திர எண்ணெய் ஒழுகி ஒழுகி அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. கறுத்த பசையைச் சுரண்டினால் உள்ளே தொழிற்சாலைப் பெயின்ற் தெரிகிறது. குறுக்குச் சட்டத்தின் இடது முனை சரி. வலது முனையில் திருப்புளி பிடிவரை இறங்கியது. ஓட்டுநர் பக்கத் தரையும் அதே பக்கத்துச் சில்லின் அடியும் போய்விட்டன. சில்லின் மேல் கையளவு தடிப்பில் பட்டி இருந்தது. அதற்கும் கீழே யாரோ மா ரின் ஒன்றின் தகட்டை வெட்டிப் பொருத்தி ரிவிட் அடித்திருக்கிறார்கள். உட்புறத்தில் எழுத்துகள் இன்னும் வாசிக்கலாம். பின் வில் பூட்டும் இடங்களில் வலது பக்கம் சந்தேகம், இடது நலம்.

கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். கனமாக, ஆனால் சுற்றியது!

ஒரு கேள்வி. முன் இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தட்டுகிறது. சக்கர பேரிங்கா?

#7 பழையநட்டு (சுன்னாகம்)

பேரிங்காகவும் இருக்கலாம். யாராவது பிறேக்கை மிதித்துப் பிடிக்கட்டும், நீங்கள் மறுபடி ஆட்டுங்கள். பிறேக் பிடிக்கும் நிலையில் இருந்தால் பேரிங்கின் ஆட்டம் நின்றுவிடும். அப்படியும் தட்டினால் அது சுழல் ஊசியின் மரை. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைனரில் ஆளை வீழ்த்தக்கூடிய பாகம் இதுதான்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஊசியின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அது ஒரு உலோகக் கட்டைக்குள் நட்டுக்குள் போல்ற் போல ஏறி நிற்கும். நீங்கள் ஸ்ரியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரையில் ஊசி சிறிது ஏறி இறங்குகிறது. கிறீஸ் போனால் மரை தேயும். தேய்ந்து முடிந்த நாளில் ஊசி கட்டையை விட்டு வெளியே வரும், சக்கரம் மட்கார்டுக்குள் படுத்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்பார்கள். அந்தப் பெரும்பாலுமை நம்பி யாரும் பிள்ளைகளை ஏற்றக் கூடாது.

கையேடு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் ஏற்றச் சொல்கிறது. ஏற்றும்போது சக்கரம் தரையில் இருக்கக் கூடாது. தூக்கிப் பாரத்தை எடுத்தால்தான் கிறீஸ் மரையின் உரசும் பக்கத்துக்குப் போகும். வலது இடது கட்டைகளுக்கு மரை எதிரெதிர்த் திசை, மாற்றி வாங்கிவிடாதீர்கள். இதில் உள்ளூரில் லேத்தில் கடைந்து தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். புதிதாக வாங்குங்கள்.

#8 பொறிதட்டு (மட்டக்களப்பு)

ஒட்டு வேலை என் தொழில், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரின் தகடு வைத்தவரைத் திட்டாதீர்கள். அந்த நாளில் தகடும் இல்லை, காஸும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனால் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். தரைக்கும் சில்லுக்கும் 1.2 மில்லிமீற்றர் தகடு எடுங்கள். அதைவிட மெல்லியது வளைக்கச் சுகம், தாங்காது.

வெட்டும் முன்: பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கி பின்னால் டிக்கியின் தரையில்தான் இருக்கிறது, பின் வில் பூட்டும் இடத்துக்குப் பக்கம். அதைக் கழற்றி வளவின் மறு முனையில் வையுங்கள். காலித் தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிடப் பயங்கரம், உள்ளே இருப்பது ஆவி. தாங்கியில் ஓட்டை இருந்தால் அதை ஒட்டத் தெரியும் என்று சொல்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

சில்லை வெட்டும்போது கார் தன் பாரத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிய நிலையில் ஒட்டினால் அந்த வளைவோடேயே கார் நிலைத்துவிடும், பிறகு கதவு பூட்டாது. கதவு வாசலுக்குள் முன்தூணையும் நடுத்தூணையும் சேர்த்து ஒரு இரும்புக் கோணத்தைத் தற்காலிகமாக ஒட்டுங்கள். கதவைப் பூட்டி இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். உங்களுக்கு வலது பக்கம் மட்டுந்தான், அது அதிர்ஷ்டம். கையளவு வெட்டி அதை மூடி, அடுத்த கையளவுக்குப் போங்கள். தரை முழுவதையும் ஒரேயடியாக வெட்டி எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற ஆளைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மணல் வீசுவது பற்றி: வெளித்தகடுகளில் வேண்டவே வேண்டாம். சூடேறி அலை விழும். மட்கார்டும் பொனற்றும் இரசாயனத்தால் பெயின்ற் நீக்கினால் போதும்.

#9 கோப்பாய்க்கொட்டில்

இடைவெளியை அளந்தேன். வலது முன் கதவின் பின்பக்கத்தில் மேலே கீழே என்று வித்தியாசம் மிகச் சிறிதுதான். தொய்வு பெரிதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். பிறேக் மிதித்துப் பார்க்க முடியவில்லை, மிதி அப்படியே தரையில் இருந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பார்த்தேன். தட்டுவது கீழ்க் கட்டைதான்.

இப்போது மண்ணெண்ணெய் விவகாரம். அந்தக் காலத்தில் ஓடியதால் இயந்திரத்துக்கு என்ன ஆகியிருக்கும்?

#10 பழையநட்டு (சுன்னாகம்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

இங்கே இருந்திராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1990இல் தடை வந்த பிறகு குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்குக்கூடக் கிடைப்பது கடினமாயிற்று. ஒரு சிறு போத்தலில் பெற்றோல், தாங்கியில் மண்ணெண்ணெய். போத்தலிலிருந்து சிறிது விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்கு வந்து காபரேற்றரில் அது நிற்கும்படி செய்தால் அடுத்த தடவை கிளப்பலாம். இப்படித்தான் ஒஸ்ரின் ஏ40களும் மைனர்களும் ஓடின. தெருவெல்லாம் வெள்ளைப் புகை, கண் எரியும். நோயாளியையும் கொண்டுபோயின, பொம்பிளை மாப்பிள்ளையையும் கொண்டுபோயின.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல ஆவியாவதில்லை. எரியாத பங்கு சிலிண்டர்ச் சுவரில் வழிந்து எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெய் நிற்கும் சம்புக்குள் போகும். அளவுக்கோலைப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதில் கூடும். கூடுகிறதே என்று மகிழ்ந்தவர்களின் பேரிங் போயிற்று. அடுத்தது, அதற்கு ஒக்ரேன் குறைவு, தீப்பொறி வழக்கமான நேரத்தில் வந்தால் இயந்திரம் இடிக்கும். இடியைக் குறைக்க, தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி நேரத்தைப் பின்தள்ளி வைத்தார்கள். சிலர் சிலிண்டர்த் தலைக்குக் கீழே இரண்டு கஸ்கெற் போட்டு அழுத்தத்தைக் குறைத்தார்கள். உங்கள் பெரியப்பாவின் வண்டியில் இவற்றில் எது நடந்திருக்கிறது என்று பாருங்கள். பெற்றோலுக்குத் திரும்பிய பிறகும் பலர் நேரத்தை மீட்டு வைக்கவில்லை. காருக்கு வயதாகிவிட்டது, இழுக்கவில்லை என்று விற்றார்கள்.

முறை இதுதான். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விடுங்கள், ஓர் இரவு விடுங்கள். பழைய எண்ணெயைச் சம்பிலிருந்து வடித்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் இருந்தால் சம்பைக் கழற்றாமல் மேலே போகக் கூடாது. கழற்றி ஒரு பெரிய முனைப் பேரிங்கைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் நல்லது, செம்பு நிறம் தெரிந்தால் மாற்றுங்கள். அடிக்குள் படிந்திருக்கும் கரும்பசையை வழித்தெடுங்கள், எண்ணெய் உறிஞ்சும் வலையையும் கழுவுங்கள். பிறகு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். எண்ணின் பெருமையைவிட நான்கும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் தாழ்ந்தால் அதற்குள் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். உயர்ந்தால் பிஸ்ரன் வளையம், உயராவிட்டால் வால்வு. வால்வு இடைவெளி 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளற்றினம் என்கிற தீப்பொறித் தொடுமுனைகளின் இடைவெளி 15 தௌ, தீ வரும் வரிசை 1-3-4-2.

இதைவிடப் பெரிய எதிரி ஒன்று உங்கள் கிணற்றில் இருக்கிறது. நம்முடையது சுண்ணாம்புப் பாறை நிலம். கேத்தலின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே படிவு ரேடியேற்றரிலும் இயந்திரத்தின் தண்ணீர் வழியிலும் பல பத்தாண்டு படிந்திருக்கும். இயந்திரத்தின் பின்முனையில் தண்ணீர் வடிக்கும் குழாய் ஒன்று உண்டு. திறந்து பாருங்கள். ஒன்றும் வராது. கம்பியால் குத்துங்கள். அப்போதும் வராவிட்டால் நான்காம் சிலிண்டரைச் சுற்றிச் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, பக்கத்திலுள்ள தகட்டு மூடிகளைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும். முடித்த பிறகு மழைத்தண்ணீரும் குளிர்விப்புத் திரவமும் விடுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

#11 ஒன்பதுமணிலேத் (கோயம்புத்தூர்)

ஐயா, சம்பில் எண்ணெய் கூடியதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பற்றி எழுதியதை என் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

டிஸ்க் பற்றி நான் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஆல்டர்னேட்டரைத் திரும்பப் பெற மாட்டேன். இரவில் முகப்பு விளக்கும் துடைப்பானும் சேர்ந்து ஓடினால் அந்த டைனமோ மெதுவாகப் போகும்போது திணறும்.

#12 பனிக்காலப்பட்டறை (ரொறன்ரோ)

ஆல்டர்னேட்டர் போடும் முன் ஒன்று கவனிக்க வேண்டும். மைனர் பிறந்தது முதல் கடைசிவரை பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. அப்படியே ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் அதன் உள்ளிருக்கும் டயோட்டுகள் அந்தக் கணமே போய்விடும். வானொலிக்கும் பல எல்ஈடி விளக்குகளுக்கும் இதே கதி. இடையில் யாராவது முனையை மாற்றியும் இருக்கலாம், எனவே வயரின் நிறத்தை நம்பாமல் தடிப்பான கம்பி எந்த முனையிலிருந்து உடலுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் டிக் டிக் என்று கேட்க வேண்டும். அது எஸ்யு பெற்றோல் பம்ப். காபரேற்றர் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று. ஒன்றுமே கேட்காவிட்டால் அதன் தொடுமுனைகள் துருப் பிடித்திருக்கும், மெல்லிய தாளால் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வரும்.

உதிரிப்பாகம் குறித்து: பிறேக் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், முன் கட்டைகள், இவை பிரித்தானியாவில் எளிதாகக் கிடைக்கும். யாராவது விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரலாம், பாரமில்லை. தகடு மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள், அனுப்பும் செலவுக்கு ஊரில் ஒட்டுக்காரரின் கூலியே கொடுத்துவிடலாம். ஒரு காலத்தில் ஓட்டம் மறுதிசையில் இருந்தது. பாத் நகரில் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் 1990களில் இலங்கையில் கூட்டுச் சேர்ந்து மைனரின் தகடுகளையும் பாகங்களையும் அங்கேயே செய்வித்துப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார். ஆங்கிலேயரின் மைனர்களில் இலங்கைக் கையால் தட்டிய தகடுகள் இன்றும் ஓடுகின்றன. ஆகவே தென்னிலங்கையில் பழைய டிங்கரிங் கைகாரர்களை விசாரியுங்கள்.

#13 கச்சேரிக்கோப்பு (வவுனியா)

எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். காகிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பதிவுப் புத்தகம் யார் பெயரில்? பெரியப்பா இறந்துவிட்டாரென்றால் வாரிசுகள் ஒப்புக்கொண்டு உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். காரில் காசு போட்ட பிறகு கேட்டால் எல்லோருக்கும் காரின் மேல் பாசம் வந்துவிடும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மைனருக்கு வந்த விலையை அவர்களும் அறிவார்கள்.

பொனற்றைத் திறந்தால் பின்சுவரில் எண் தகடு இருக்கும், இயந்திரத்தில் இன்னொன்று. இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயின்ற் அடிக்கும்போது அந்தத் தகட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அதன் மேல் பெயின்ற் அடிக்க விடாதீர்கள். ஜப்பானிய இயந்திரம் போட்டுத் தருகிறேன் என்ற கராஜ்காரர் புத்தகத்தில் இயந்திர எண்ணைத் திருத்துவது யார் வேலை என்று சொன்னாரா? 2022இல் எரிபொருள் அட்டைக்கு அலைந்தவர்களில் புத்தகமும் வண்டியும் ஒத்துப்போகாதவர்கள் பட்ட பாட்டை அருகிருந்து பார்த்தவன் நான்.

#14 கோப்பாய்க்கொட்டில்

புத்தகம் பெரியப்பா பெயரில்தான். இயந்திர எண் பொருந்துகிறது. பெரியம்மாவிடம் பேசிவிட்டேன், எழுத்து வேலை தொடங்கிவிட்டது.

வரிசை இப்படி வைத்திருக்கிறேன்: வலது குறுக்குச் சட்ட முனை, சில், தரை. அதோடு பின் வில் பூட்டும் இடம். பிறகு முன் கட்டைகள் இரண்டு பக்கமும், பிறேக் முழுவதும். அதன் பின்னர் இயந்திரம். லண்டனிலுள்ள சித்தி தைப்பொங்கலுக்கு வருகிறார், பிறேக் பாகங்களுக்குப் பட்டியல் அனுப்பிவிட்டேன். பெயின்ற் பற்றி மச்சான் இப்போது பேசுவதில்லை. ஜப்பானிய இயந்திரமும் வேண்டாம். டைனமோ அப்படியே இருக்கட்டும், இரவில் ஓட்டும் எண்ணம் இல்லை.

மூலப் பிறேக் சிலிண்டரில் சிக்கிவிட்டேன். ஓட்டுநரின் காலடியில் மூடியைத் தூக்கினால் எண்ணெய் ஊற்றும் வாய் தெரிகிறது. சிலிண்டர் வலது சட்டத்தின் உள்ளே இருக்கிறது. குறுக்காக இரண்டு போல்ற். நட்டைக் கழற்றிவிட்டேன், ஆனால் போல்ற்றை வெளியே இழுத்தால் முறுக்குக் கம்பியில் முட்டுகிறது. இதை எப்படித்தான் கழற்றுவார்கள்?

#15 பழையநட்டு (சுன்னாகம்)

இந்த இடத்தில் திட்டாத மைனர்காரர் யாரும் கிடையாது.

உங்களுக்கு எப்படியும் அந்தப் பக்கத்துக் குறுக்குச் சட்டமும் முன் கட்டையும் வேலை கிடக்கின்றன, ஆகவே முறுக்குக் கம்பியைக் கழற்றத்தான் போகிறீர்கள். அதோடு சேர்த்து இதையும் செய்யுங்கள், தனியாகப் போராட வேண்டாம். கம்பியைத் தொடும் முன் அதன் முனையிலும் அது செருகியிருக்கும் பிடியிலும் ஒரே கோட்டில் வெட்டுக்குறி போடுங்கள். பற்களில் ஒன்று தள்ளிப் பூட்டினாலும் காரின் மூக்கு உயரம் மாறிவிடும். கீழ்க் கையின் அடியில் ஜாக்கி வைத்து, முறுக்கு முழுதாக இறங்கிய பிறகே பூட்டை அவிழுங்கள். இறங்காத கம்பி கையை முறிக்கும். ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

திரும்பப் பூட்டும்போது அந்த இரண்டு போல்ற்றையும் மறுதிசையிலிருந்து செருகுங்கள், தலை கம்பிப் பக்கம் வராதபடி. அடுத்த தடவை கம்பியைத் தொடாமலே கழற்றலாம். சித்திக்கு அனுப்பிய பட்டியலில் மூலச் சிலிண்டரின் ரப்பர்களை மட்டும் எழுதியிருந்தால் மாற்றி முழுச் சிலிண்டராகக் கேளுங்கள். இவ்வளவு காலம் நின்ற சிலிண்டரின் உட்சுவர் குழி விழுந்திருக்கும்.